நாட்டுக்கு அறுபதாம் கல்யாணம், தாத்தா வந்தது எந்தக் கப்பல்?

சிங்கப்பூர் தனிநாடாகி அறுபது ஆண்டு நிறைந்த 2025 கொண்டாட்டமான எஸ்ஜி60 வந்தாலும் வந்தது, இந்த மாதம் நம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தாத்தா பாட்டி சமாச்சாரம்தான். பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்கிறார்களாம், சமூக மன்றத்தில் பழைய படம் கேட்கிறார்களாம், திடீரென்று எல்லாருக்கும் பூர்வீகம் ஞாபகம் வந்துவிட்டது. முழங்கால் வலி, மாமியார், வாடகை வீடு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குப் பள்ளியில் நான்கு தலைமுறைக் குடும்ப மரம் கேட்டிருக்கிறார்கள். என் மாமியாருக்கு 84 வயது. அவரிடம் கேட்டால் ‘எல்லாம் மறந்து போச்சு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எங்கிருந்து தொடங்குவது? – ஒரு தாய், ஈசூன்

மறந்து போச்சு என்று அவர் சொன்னால், நீங்கள் கேட்ட கேள்வி சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உங்க சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க’ என்று கேட்டால் யாருக்குமே ஒன்றும் வராது, எனக்கும் வராது.

என் அத்தையிடம் ஒருமுறை ‘கப்பல்ல வந்தது எப்படி இருந்துச்சு அத்தை?’ என்று கேட்டேன். ‘எப்படி இருக்கும், கப்பலாட்டம் இருந்துச்சு’ என்றார். அவ்வளவுதான். பல மாதம் கழித்து அவருடைய பழைய தகரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இதில் என்னதான் வைத்து எடுத்து வந்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் நிற்கவில்லை. புளி உருண்டை, வறுத்த அரிசிமாவு, ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாய் ஏன் என்றால் கப்பலில் குமட்டும், நாக்கில் தடவிக்கொள்ள வேண்டும். நாகப்பட்டினத்தில் கரையோடு கப்பல் நிற்காது, படகில் போய்த்தான் ஏற வேண்டும். அந்தப் படகு ஆடிய ஆட்டத்தில் ஜாடி உடைந்து, ஊறுகாய் எண்ணெய் முழுக்க அவருடைய புதுப் பாவாடையில். அவருடைய அம்மா அங்கேயே ஓர் அறை விட்டாராம். அந்த அறையின் சூட்டில் அத்தைக்குக் கூட வந்தவர்கள் பெயர், பினாங்கில் இறங்கிப் போன சினேகிதி, அவளுடைய அண்ணன் என்று வரிசையாக ஞாபகம் வந்தது.

அதனால் பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். தோடு, குத்துவிளக்கு, படத்தின் பின்பக்கம், எதுவாக இருந்தாலும் சரி. கைத்தொலைபேசியைப் பதிவில் போட்டு மேசையில் கவிழ்த்து வையுங்கள், முகத்துக்கு நேரே நீட்டினால் பேச்சு நின்றுவிடும்.

மரம் வரைய இன்னொரு குறுக்கு வழி, கல்யாணங்களைப் பற்றிக் கேட்பது. தாய்மாமன் சீர் யார் செய்தார்கள்? நாத்தனார் முடிச்சு யார் போட்டது? காது குத்தும்போது யார் மடியில் உட்கார்ந்தீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டிலும் பாதிக் கிளைகள் தானாக விழுந்துவிடும், நம் சடங்குகளுக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

கப்பல் பெயரையும் மறக்காமல் கேளுங்கள், அது தெரிந்தால் காலம் ஓரளவு பிடிபடும். ரஜூலா 1926இல் கட்டப்பட்ட கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. எம்.வி. சிதம்பரம் என்றால் அதற்குப் பிந்திய கதை, 1985இல் அது தீப்பிடித்ததோடு கப்பலில் ஊருக்குப் போகும் காலமே முடிந்தது.

என் அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ஆண்டு 2604 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா? இதை வைத்து எப்படி வயதைச் சொல்வது? – தோ பாயோ வாசகர்

பிழை இல்லை, பத்திரமாக வையுங்கள். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் சரணடைந்த பிறகு இந்த ஊர் மூன்றரை வருடம் ‘சியோனான்’ என்ற பெயரில் இருந்தது. ஜப்பானியர்கள் தங்கள் முதல் பேரரசர் அரியணை ஏறியதாக நம்பும் கி.மு. 660இலிருந்து ஆண்டைக் கணக்கிட்டார்கள். 2604இலிருந்து 660ஐக் கழித்தால் 1944, உங்கள் அப்பா பிறந்த வருடம் அதுதான்.

வருடத்தைவிட எனக்கு அந்தச் சான்றிதழில் நேரம் எழுதியிருக்கிறதா என்பதுதான் ஆர்வம். ஏனென்றால் ஜப்பானியர்கள் கடிகாரத்தையும் மாற்றினார்கள். அதுவரை கிரீனிச் நேரத்தைவிட ஏழரை மணி முந்தியிருந்த சிங்கப்பூரை, தோக்கியோ நேரத்துக்கு, அதாவது ஒன்பது மணிக்கு இழுத்தார்கள். போர் முடிந்ததும் பழையபடி ஏழரை, 1982 ஜனவரி 1 முதல்தான் இப்போதைய எட்டு. ஆக, அப்பா காலை ஆறரைக்குப் பிறந்தார் என்று பாட்டி சொல்லியிருந்தால், போருக்கு முந்திய கடிகாரப்படி அது விடியற்காலை ஐந்து மணி. வீட்டில் யாராவது அவருக்குக் கணினியில் ஜாதகம் எடுத்திருந்தால், இன்றைய எட்டு மணிக் கணக்கைப் போட்டிருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். லக்னம் சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும், ஆகவே லக்னமே வேறாக வாய்ப்புண்டு. எனக்கு ஜாதகத்தில் அவ்வளவு பிடிமானம் இல்லை. ஆனால் இத்தனை வருடமாகத் தப்பான லக்னத்துக்கு ஒருவர் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அவரிடம் சொல்லத்தானே வேண்டும்.

தாத்தாவின் கணக்கு நோட்டில் ‘தாது வருஷம் ஆவணி மாசம் 12ந் தேதி மகன் சனனம்’ என்று இருக்கிறது. ஆங்கில வருடம் எது? – ஜூரோங் வெஸ்ட்

தமிழ் வருடங்கள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருபவை. தாது 1936-37இல் வந்தது, அதற்கு முன் 1876-77இல். அந்தப் பழைய தாதுதான் கிராமங்களில் இன்றும் சொல்லும் தாது வருஷப் பஞ்சம். நோட்டு எழுதியவர் உங்கள் தாத்தா என்றால் 1936தான், ஆவணி 12 என்பது ஆகஸ்ட் மாதக் கடைசியில் விழும். நோட்டில் கொள்ளுத்தாத்தா காலத்துக் கணக்கும் கலந்திருந்தால் மட்டும் கையெழுத்தையும் விலைவாசியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சித்திரை முதல் பங்குனி வரை ஒரு வருடம் என்பதால் தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. 1965 ஆகஸ்ட் 9 அன்று நடந்துகொண்டிருந்த தமிழ் வருடம் விசுவாவசு. 2025 சித்திரையில் பிறந்ததும் விசுவாவசு. நாடு பிறந்த வருடம் ஒரு சுற்றுச் சுற்றி அதே பெயரில் திரும்பி வந்திருக்கிறது, நம் கணக்கில் இது சாதாரண அறுபது இல்லை, முறைப்படியான சஷ்டியப்த பூர்த்தி. திருக்கடையூர் போகிற தம்பதிகளுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

என்னோடு வேலை செய்யும் சீன நண்பர் தன் குடும்பப் பெயரை வைத்துப் பத்துத் தலைமுறை சொல்கிறார். நமக்குக் குடும்பப் பெயரே இல்லை, அப்பா பெயரோடு நின்றுவிடுகிறது. போதாததற்கு என் தாத்தா பெயர் நான்கு ஆவணத்தில் நான்கு விதமாக இருக்கிறது. ஒரே ஆள்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது. – செங்காங்

நான்கே விதம்தானா, நீங்கள் அதிர்ஷ்டசாலி. முத்துசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். எம் எழுத்துக்குப் பின் யு போடுவாரும் உண்டு, இரண்டு ஓ போடுவாரும் உண்டு. அடுத்து டி-எச்சா வெறும் டியா, கடைசியில் ‘ஒய்’ எழுத்தா ‘ஐ’ எழுத்தா. இதிலேயே எட்டு விதம் ஆகிவிட்டது. துறைமுகத்தில் எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது, சொன்ன தாத்தாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது, காதில் விழுந்ததை எழுதினார்கள். ஆகவே முதல் வேலையாக எழுத வாய்ப்புள்ள எல்லா விதங்களையும் ஒரு தாளில் எழுதி, தேடும்போது ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரே ஆள்தானா என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், அப்பா பெயர், முகவரி, வேலை மூன்றில் இரண்டு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

குடும்பப் பெயர் இல்லை என்று வருத்தப்படவும் வேண்டாம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். மூத்த பேரனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்திருந்தால், தாத்தாவின் அண்ணன் தம்பிகள் தலைமகனுக்கு வைத்த பெயர்கள் என்னென்ன என்று கேளுங்கள். ஒரே பெயர் இரண்டு மூன்று வீட்டில் திரும்பத் திரும்ப வந்தால் அநேகமாக அதுதான் கொள்ளுத்தாத்தா.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஊரில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருந்து, இங்கே வந்தபின் காணாமல் போயிருக்கலாம். அது எப்போதும் குமாஸ்தாவின் கவனக்குறைவு இல்லை. 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போன பிறகு, 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது, 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். அந்தக் காற்றில் பட்டத்தை வேண்டுமென்றே வெட்டிப் போட்டவர்கள் உண்டு. உங்கள் தாத்தா அப்படி வெட்டியவர் என்றால், அதைத் தோண்டி எடுத்துக் குடும்ப மரத்தில் திரும்ப ஒட்ட வேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் ஒட்டமாட்டேன், வெட்டிய கதையை எழுதி வைப்பேன்.

காகிதம் என்று தேடினால், 1957 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு வாங்கிய குடியுரிமைச் சான்றிதழ் பல வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பதிந்துகொள்ளுங்கள் பதிந்துகொள்ளுங்கள் என்று தமிழ் முரசு அப்போது விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கிடைத்தால் அதில் பிறந்த ஊர் எழுதியிருக்கிறதா பாருங்கள். பிறப்பு, இறப்புப் பதிவுக்குக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்களை வீட்டிலிருந்தே புரட்டலாம், காசு இல்லை. நான் முதலில் போவது மரண அறிவிப்புக்குத்தான். நம் ஆட்கள் அதில் மகன், மருமகன், கொழுந்தன், பிறந்த ஊர், வட்டம் எல்லாவற்றையும் அடுக்கியிருப்பார்கள், ஒரு ஆவணக் காப்பகம் அதைவிடச் சுருக்கமாகக் குடும்ப மரம் வரைந்து தராது.

பாட்டி தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்து விற்றுத்தான் எங்கள் அப்பாவைப் படிக்க வைத்தாராம். ஆனால் அவர் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை, எல்லாம் தாத்தா பெயரில். – கடையநல்லூர்ப் பேத்தி, பிடோக்

தாத்தா கடையில் உட்கார்ந்திருந்ததற்கு உரிமம் இருக்கும், பாட்டி அம்மி பிடித்ததற்கு யார் உரிமம் கொடுத்தது? மற்ற ஊர்க்காரர்கள் ஆண்களாகத் தனியே வந்து உழைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள், பெண்கள் மசாலா இடித்தும் அரைத்தும் விற்றார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இலேயே தொடங்கியது, அங்கே போய்ப் பெரியவர்களிடம் பாட்டி பெயரைச் சொல்லிக் கேளுங்கள், தாத்தா பெயரைச் சொல்லாதீர்கள். அப்புறம் அந்த மசாலாவின் அளவு, எது எத்தனை பங்கு என்று தெரிந்தவர் வீட்டில் யாராவது இருந்தால் இன்றைக்கே எழுதி வாங்குங்கள்.

பெயர் வேண்டாம். தாத்தாவின் பெட்டியில் ஊரிலிருந்து வந்த கடிதங்கள் கிடைத்தன. மன்னார்குடிப் பக்கம் அவருக்கு இன்னொரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியுமா என்றுகூடத் தெரியவில்லை. குடும்ப மரத்தில் போடலாமா? – புக்கிட் பாத்தோக்

இந்த மாதிரிக் கடிதம் இந்த மாதம் மட்டும் மூன்று. உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததென்று நினைக்காதீர்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள், நாலைந்து வருடம் சம்பாதித்துத் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள். மாதா மாதம் மணியார்டர் போகும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் போவார். போர் வந்ததும் கடிதமும் இல்லை, பணமும் இல்லை, மூன்றரை வருடம். அங்கே செத்துவிட்டார் என்று தாலியை அறுத்தவர்கள் உண்டு, இங்கே இனி ஊர் கிடையாது என்று இன்னொரு குடும்பம் அமைத்தவர்களும் உண்டு. 1953க்குப் பிறகு குடிநுழைவு விதிகள் வேறு இறுகிவிட்டன. இதையெல்லாம் தாத்தா செய்ததற்கு நியாயமாகச் சொல்லவில்லை. போர் வருவதற்கு முன்பே இரண்டு குடும்பம் வைத்திருந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். அநேகமாக ‘எனக்குத் தெரியும், உனக்கெப்படித் தெரிஞ்சது?’ என்பார். பள்ளிக்கூடத்து மரத்தில் போட வேண்டியதில்லை, அது பத்து வயதுப் பிள்ளையின் வீட்டுப்பாடம். வீட்டில் வைத்துக்கொள்ளும் மரத்தில் அந்த மூன்று பேர் பெயரையும் போடாமல் விட்டால் அது மரமே இல்லை.

ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றினால் ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூரிலிருந்து தாத்தா வழிப் பேரன் வந்து நிற்கிறான் என்றால் அங்கே முதலில் எழும் கேள்வி ‘பங்கு கேட்டு வந்திருக்கானா?’ என்பதுதான். காப்பி வரும், முறுக்கு வரும், பேச்சு வராது. நான் எங்கள் ஊருக்குப் போனபோது சித்தப்பா முறை ஒருவர் நான் கேட்காமலேயே பட்டா நகலைக் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுத்தான் எதிரே உட்கார்ந்தார். ஆகவே வாசலிலேயே சொல்லிவிடுங்கள், நிலம் நீச்சு எதுவும் வேண்டாம், தாத்தாவின் படம் ஒன்று இருந்தால் பார்க்க வந்தேன் என்று. நீங்களும் ஒரு படம் கொண்டு போங்கள். அவர்களிடம் அவருடைய இருபது வயதுப் படம் இருக்கும், உங்களிடம் அறுபது வயதுப் படம் இருக்கும்.

அம்மாவின் அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனான், திரும்பவில்லை. கிராஞ்சிப் போர் நினைவகத்தில் பெயர் தேடினேன், இல்லை. வேறு எங்கே பார்ப்பது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், அங் மோ கியோ

கிராஞ்சியில் இருக்காது ஐயா. அங்கே சுவரில் இருப்பவர்கள் படையில் இருந்தவர்கள், இந்திய ராணுவ வீரர்கள் உட்பட. தொழிலாளர்களுக்கு யாரும் பெயர்ப்பட்டியல் வைத்துக் கல்லில் வெட்டவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த ரயில், 415 கிலோமீட்டர் பாதை, 1942இல் தொடங்கி அடுத்த ஆண்டே முடித்தார்கள். போர்க் கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தார்கள், அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு, 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள், ஆசியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் ஏராளம்.

பெயர் கிடைக்காவிட்டாலும் அவர் கூடப் போய்த் திரும்பி வந்தவர்களின் பேச்சு கிடைக்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து பேட்டிகளைப் பதிவு செய்து வருகிறது, தமிழில் கொடுத்த பேட்டிகளும் இருக்கின்றன, ஜப்பானியர் காலம் தனித் தலைப்பாகவே இருக்கிறது. காது கொடுத்து மெதுவாகக் கேளுங்கள். அவரைப் பிடித்த இடம், தோட்டத்தின் பெயர், அன்றைக்கு அம்மாவுக்கு என்ன வயது என்று தெரிந்ததை முதலில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

திதி தெரியாமல் எந்த நாளில் கொடுப்பது என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம். 2025இல் அது செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அம்மாவையும் அழைத்துப் போங்கள்.

மரபணுச் சோதனை செய்தால் பூர்வீக ஊர் தெரியுமா? எஸ்ஜி60 பற்றுச்சீட்டில் கட்டலாமா? – உட்லண்ட்ஸ் குறும்பன்

ஊர் தெரியாது. தெற்காசியா என்று பெரிய எழுத்தில் போட்டு அனுப்புவார்கள், அது கண்ணாடி பார்த்தாலே தெரியும். 2025இல் கொடுத்த 600 வெள்ளிப் பற்றுச்சீட்டு கோப்பிக்கடைக்கும் அக்கம்பக்கக் கடைக்கும் பேரங்காடிக்கும்தான். வீட்டில் அறுபது தொட்டவர் இருந்தால் அவருக்கு 800 கொடுத்தார்கள், அவரையே தேக்காச் சந்தையில் ஒரு தேநீருக்குக் கூட்டிப்போங்கள். பணத்தை அவர் கட்டட்டும், கேள்வியை நீங்கள் கேளுங்கள்.